வானதூதர்களைச் சுட்டது யார்?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பழைய கட்டடங்கள் நமக்கு என்ன சொல்கின்றன என்பதுதான் இன்றைய பேச்சு. பொதுவாக இந்தத் தலைப்பில் பேசுகிறவர்கள் அரண்மனைகளையும் கோட்டைகளையும் எடுத்துக்கொள்வார்கள். நான் ஒரு சிற்றூரின் ஆலயத்தை எடுத்துக்கொள்கிறேன். இங்கிலாந்தின் கிழக்குக் கரையோரம், சஃபோக் வட்டாரத்தில், பிளைத்பரோ என்று ஓர் ஊர் இருக்கிறது. மக்கள் தொகை சில நூறு பேர்தான். ஆனால் அந்த ஊரின் பரிசுத்த திரித்துவ ஆலயம் ஏறக்குறைய 130 அடி நீளம் கொண்டது. சதுப்பு நிலத்துக்கு மேலே, தூரத்திலிருந்து பார்த்தாலே தெரியும்படி, கப்பல் ஒன்று தரை தட்டி நிற்பதுபோல் நிற்கிறது. "சதுப்பு நிலத்தின் பேராலயம்" என்று அதற்கு ஒரு பட்டப்பெயரும் உண்டு.

உள்ளே போய் அண்ணாந்து பார்த்தால், கூரையின் நடுவே வரிசையாக மரத்தில் செதுக்கிய வானதூதர்கள் சிறகை விரித்து நிற்கிறார்கள். 500 ஆண்டுகளுக்கும் மேலாக அதே இடத்தில் இருக்கிறார்கள். சற்றே கூர்ந்து பார்த்தால் இன்னொன்றும் தெரியும். அந்த மரத்தில் துப்பாக்கிச் சூட்டின் துளைகள் இருக்கின்றன.

வானதூதர்களை யார் சுட்டார்கள்? ஏன் சுட்டார்கள்?

பல தலைமுறைகளாக இதற்கு ஒரே பதில்தான் சொல்லப்பட்டு வந்தது. 1644ஆம் ஆண்டு வில்லியம் டவுசிங் என்ற மதவெறியன் படைவீரர்களுடன் வந்தான். கூரை உயரத்தில் இருந்ததால் எட்டவில்லை. ஆத்திரத்தில் துப்பாக்கியால் சுட்டார்கள். கதையில் வில்லன் இருக்கிறான், ஆயுதம் இருக்கிறது, சுவரில் சாட்சியும் இருக்கிறது. தொலைக்காட்சித் துறையில் இருக்கும் எங்களுக்கு இதைவிட என்ன வேண்டும்? இரண்டு நிமிடக் காட்சிக்கு அளவெடுத்துத் தைத்த கதை.

ஆனால் அந்தக் கதை நடந்ததில்லை. அது ஏன் நடந்ததில்லை என்பதையும், அந்த ஆலயத்தை உண்மையில் அழிவின் விளிம்புக்குக் கொண்டுபோனது எது என்பதையும் இன்று பார்ப்போம்.

ஊர் பெரிதாக இருந்த காலம்

இவ்வளவு சிறிய ஊருக்கு இவ்வளவு பெரிய ஆலயம் எதற்கு? ஒரு காலத்தில் ஊரும் பெரிதாக இருந்தது என்பதுதான் பதில்.

கிறிஸ்துவுக்குப் பின் 7ஆம் நூற்றாண்டிலேயே இந்த இடம் பெயர் பெற்றிருந்தது. கிழக்கு ஆங்கிலிய நாட்டை ஆண்ட அன்னா என்ற மன்னர் அருகில் நடந்த போரில் கொல்லப்பட்டு, பிளைத்பரோவில் அடக்கம் செய்யப்பட்டார் என்பது பழைய மரபுச் செய்தி. ('அன்னா' என்பது இங்கே ஆணின் பெயர்.) அந்தக் காலத்தை ஒட்டிய, திமிங்கல எலும்பால் செய்த எழுதுபலகை ஒன்றும் இந்த ஊரில் கிடைத்திருக்கிறது. இப்போது அது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளது. 1200 ஆண்டுகளுக்கு முன்பே இங்கே எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் இருந்தார்கள் என்பதற்கு அதுவே சான்று.

12ஆம் நூற்றாண்டில் அகுஸ்தீன் சபைத் துறவியரின் சிறு மடம் ஒன்று இங்கே அமைந்தது. பிளைத் ஆறு கடலோடு கலக்கும் முகத்துவாரம் பக்கத்தில் இருந்ததால் படகுகள் வந்தன, மீன் வந்தது, சந்தை நடந்தது. கடலிலிருந்து வருகிற பொருளும் உள்நாட்டிலிருந்து வருகிற பொருளும் கைமாறும் இடமாக ஊர் வளர்ந்தது.

1412இல் நான்காம் ஹென்றி மன்னர் ஆலயத்தைப் புதுப்பித்துக் கட்ட இந்த மடத்துக்கு அனுமதி கொடுத்தார். 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பழைய கோபுரத்தை மட்டும் வைத்துக்கொண்டு, மற்ற பகுதிகளை 15ஆம் நூற்றாண்டு முழுவதும் கட்டினார்கள்.

இங்கே இங்கிலாந்தின் பழைய வழக்கம் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். நம் கதைக்கு அது முக்கியம். பங்கு ஆலயம் என்பது ஒரு வட்டாரத்து மக்கள் அனைவருக்கும் பொதுவான ஆலயம். அந்த மக்கள் தங்கள் விளைச்சலில் பத்தில் ஒரு பங்கைத் தசமபாகமாகக் கொடுக்க வேண்டும். அதைப் பெறுகிறவர் ஆலயத்தின் பீடப்பகுதியைப் பராமரிக்க வேண்டும். மக்கள் நின்று வழிபடும் நடுக்கூடத்தைப் பராமரிப்பது மக்களின் பொறுப்பு. ஒரே கூரைக்குக் கீழே இரண்டு கணக்குகள்! பிளைத்பரோவில் தசமபாகம் துறவியர் மடத்துக்குப் போயிற்று. ஆகவே பீடப்பகுதி மடத்தின் பொறுப்பாயிற்று.

நடுக்கூடத்துக்கான பணம் ஊராரிடமிருந்து வந்தது. இறக்கும் தறுவாயில் உயில் எழுதுகிறவர்கள், தங்கள் ஆன்மாவுக்காக மற்றவர்கள் செபிக்க வேண்டும் என்பதற்காக, ஆலயக் கட்டுமானத்துக்கு இவ்வளவு என்று ஒதுக்குவது அந்தக் காலத்துக் கிழக்கு இங்கிலாந்தின் பழக்கம். ஊரின் நிலப்பிரபு குடும்பமான ஹாப்டன் குடும்பமும் ஆலயத்தோடு நெருங்கிய தொடர்பு கொண்டிருந்தது. 1478இல் இறந்த ஜான் ஹாப்டனின் கல்லறை இன்றும் ஆலயத்துக்குள் இருக்கிறது.

கல்லும் மரமும் கண்ணாடியும்

சஃபோக் வட்டாரத்தில் நல்ல கட்டடக் கல் கிடையாது. மண்ணைத் தோண்டினால் கிடைப்பது சக்கிமுக்கிக் கல்தான். உருண்டையும் திருகலுமாக இருக்கும் அந்தக் கல்லைச் சுண்ணாம்புக் கலவையில் பதித்துச் சுவர் எழுப்பினார்கள். மூலைகளுக்கும் சாளரச் சட்டங்களுக்கும் மட்டும் செதுக்கத் தக்க கல்லை வெளியூர்களிலிருந்து வரவழைத்தார்கள்.

இல்லாமையை அழகாக்கத் தெரிந்தவர்கள் அந்தக் கொத்தர்கள். சக்கிமுக்கிக் கல்லை உடைத்தால் உட்புறம் கருப்பாகப் பளபளக்கும். அந்தக் கருப்பையும் வெள்ளைக் கல்லையும் இழைத்துச் சுவரில் கோலம் போட்டார்கள். பிளைத்பரோவின் கிழக்குச் சுவரில், பெரிய சாளரத்துக்குக் கீழே, இப்படி இழைத்த எழுத்துகள் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வோர் எழுத்தும் ஒரு லத்தீன் சொல்லின் முதலெழுத்து என்றும், திரித்துவத்தின் பெயரிலும் புனிதர்களின் பெயரிலும் ஆலயம் புதுப்பிக்கப்பட்டதை அது சொல்கிறது என்றும் அறிஞர்கள் பொருள் கொள்கிறார்கள்.

கட்டடப் பாணிக்குச் 'செங்குத்துப் பாணி' என்று பெயர். இங்கிலாந்தில் 14ஆம் நூற்றாண்டில் தோன்றி 16ஆம் நூற்றாண்டு வரை நீடித்த பாணி இது. மெலிந்த தூண்கள், அகன்ற சாளரங்கள், மேல்நோக்கி இழுக்கும் நேர்க்கோடுகள் ஆகியவை இதன் அடையாளங்கள். பிளைத்பரோவில் இந்தப் பாணியின் உச்சத்தைக் கூரைக்குச் சற்றுக் கீழே பார்க்கலாம். ஒவ்வொரு பக்கத்திலும் 18 சாளரங்கள் இடைவிடாமல் வரிசையாக ஓடுகின்றன. நடுக்கூடத்துக்கும் பீடப்பகுதிக்கும் நடுவே பெரிய வளைவு கிடையாது. மேற்கு முனையில் நின்றால் கிழக்குச் சுவர் வரை பார்வை தடையில்லாமல் போகும்.

அந்த நீண்ட கூரைதான் வானதூதர்களின் இடம். கூரை அதிகச் சரிவில்லாதது. குறுக்கே ஓக் மர உத்தரங்கள். ஒவ்வோர் உத்தரத்தின் நடுவிலும் முதுகோடு முதுகு ஒட்டியபடி தூதர்கள்; ஒருவர் கிழக்கு நோக்கி, மற்றவர் மேற்கு நோக்கி. மரப்பரப்பில் பூ வேலைப்பாடும், இயேசுவின் பெயரைக் குறிக்கும் எழுத்துக் குறியும் வண்ணத்தில் தீட்டப்பட்டுள்ளன. 15ஆம் நூற்றாண்டின் வண்ணம் மங்கலாக இன்றும் தெரிகிறது.

மேலே விண்ணுலகம் என்றால், கீழே மனிதர்கள் உட்காரும் பெஞ்சு முனைகளில் மண்ணுலகம். சோம்பேறி ஒருவன் கட்டிலில் கிடக்கிறான். பேராசைக்காரன் பணப்பெட்டிமேல் உட்கார்ந்திருக்கிறான். பெருந்தீனிக்காரன் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருக்கிறான். வெளிவேடக்காரன் கையைக் கூப்பிச் செபிக்கிறான். ஆனால் கண் மட்டும் திறந்தே இருக்கிறது! படிக்கத் தெரியாத மக்களுக்கு அந்தப் பெஞ்சுகளே பாடப்புத்தகம். செதுக்கியவன் பெயர் தெரியாது. ஆனால் தன் ஊர்க்காரர்களை நன்றாகக் கவனித்தவன் என்பது மட்டும் தெரிகிறது.

முதல் குற்றவாளி: கரிய நாய்

இப்போது வழக்குக்கு வருவோம். இந்த ஆலயத்தில் காணப்படும் சேதங்களுக்கு ஊர்க்கதைகள் இரண்டு குற்றவாளிகளைச் சொல்கின்றன. முதலாவது ஒரு நாய்.

1577 ஆகஸ்ட் 4, ஞாயிற்றுக்கிழமை. காலை வழிபாடு நடந்துகொண்டிருந்தபோது கடும் புயல் மூண்டது. இடி விழுந்தது. கோபுரத்தின் மேலிருந்த கூர்முனை இடிந்து கூரையைப் பிளந்துகொண்டு உள்ளே விழுந்தது. ஓர் ஆணும் ஒரு சிறுவனும் இறந்தார்கள் என்று அக்கால வரலாற்று நூல் பதிவு செய்கிறது. இது உண்மை. கூர்முனை மறுபடி கட்டப்படவே இல்லை.

ஆனால் அதே ஆண்டு ஆபிரகாம் ஃபிளெமிங் என்பவர் லண்டனில் ஒரு சிறு வெளியீடு கொண்டுவந்தார். அதில் இடி மட்டும் இல்லை. பேயுருவில் ஒரு கரிய நாயும் வந்தது. அன்று பங்கே என்ற ஊரின் ஆலயத்திலும், பிளைத்பரோவிலும் அது பாய்ந்து ஆட்களைக் கொன்றது என்று எழுதினார். வெளியீடு பரபரப்பாயிற்று. 20ஆம் நூற்றாண்டில் ஆலயத்தின் வடக்குக் கதவைச் சுத்தம் செய்தபோது மரத்தில் கருகிய தடங்கள் தெரிந்தன. அவ்வளவுதான், "நாயின் நகக்குறி" என்று பெயர் வைத்துவிட்டார்கள். இன்றும் சுற்றுலாப் பயணிகள் அந்தக் கதவைப் படமெடுக்கத் தவறுவதில்லை.

இதுபோன்ற கருகல் தடங்கள் இங்கிலாந்தின் எத்தனையோ பழைய வீடுகளிலும் ஆலயங்களிலும் இருக்கின்றன. தீயிலிருந்தும் தீய சக்திகளிடமிருந்தும் காப்பதற்காக மக்களே மெழுகுவத்தியின் சுடரை மரத்தில் காட்டி உண்டாக்கியவை என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். அப்படியானால் தாக்கவந்த பேயின் தடமென்று நாம் நினைப்பது, பேயைத் தடுக்க யாரோ பயபக்தியோடு வைத்த குறி!

இரண்டாம் குற்றவாளி: வில்லியம் டவுசிங்

இரண்டாவது குற்றவாளி உண்மையான மனிதர். அவருக்கு எதிராக உண்மையான குற்றச்சாட்டும் உண்டு. ஆகவே நிதானமாகப் பார்க்க வேண்டும்.

1642இல் மன்னருக்கும் நாடாளுமன்றத்துக்கும் உள்நாட்டுப் போர் தொடங்கியது. நாடாளுமன்றத்தின் பக்கம் நின்ற தூய்மைவாதிகளுக்கு ஆலயத்தில் உருவங்கள் இருப்பது விக்கிரக வழிபாடு. 1643இல் நாடாளுமன்றம் அவற்றை அகற்றும்படி ஆணையிட்டது. அந்த ஆண்டு இறுதியில் மான்செஸ்டர் பிரபு, வில்லியம் டவுசிங்கை இந்த வேலைக்கு நியமித்தார். டவுசிங்கும் சஃபோக் வட்டாரத்துக்காரர்தான். சஃபோக்கிலும் கேம்பிரிட்ஜ் வட்டாரத்திலுமாக 250க்கும் மேற்பட்ட ஆலயங்களுக்குப் போனார்.

இவரைப் பற்றி நமக்கு இவ்வளவு தெரிவதற்குக் காரணம், அவர் நாட்குறிப்பு எழுதினார். எந்த ஊரில் எத்தனை படங்களை உடைத்தேன், எத்தனையை உடைக்கச் சொன்னேன் என்று கணக்கு வைத்தார். தான் செய்ததை அவர் மறைக்கவில்லை, கடமையாக நினைத்தார்.

1644 ஏப்ரலில் பிளைத்பரோவுக்கு வந்தார். 20 மூடநம்பிக்கைப் படங்கள், முன்மண்டபத்திலும் கோபுரத்திலும் இரண்டு சிலுவைகள், கூரையில் 20 கேருபீன்கள் ஆகியவற்றைக் கீழிறக்க வேண்டும் என்றும், மேலும் 200க்கு மேற்பட்ட படங்களை 8 நாளுக்குள் அகற்ற வேண்டும் என்றும் ஆணையிட்டதாகக் குறித்திருக்கிறார். படங்கள் என்று அவர் சொல்வது பெரும்பாலும் சாளரங்களில் இருந்த வண்ணக் கண்ணாடி ஓவியங்களை.

இங்கே இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். ஒன்று, துப்பாக்கி பற்றி ஒரு வரிகூட இல்லை. உடைத்ததைப் பெருமையோடு எழுதுகிற மனிதர், சுட்டிருந்தால் எழுதாமல் விடுவாரா? இரண்டு, கூரையின் தூதர்களை "இறக்க வேண்டும்" என்றுதான் சொல்கிறாரே தவிர, இறக்கிவிட்டேன் என்று சொல்லவில்லை. அவர் ஆணையிட்டுவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவார். ஏணி கட்டி, சாரம் எழுப்பி, ஆட்களுக்குக் கூலி கொடுத்துச் செய்துமுடிப்பது ஊராரின் பொறுப்பு. பக்கத்து ஊரான வால்பர்ஸ்விக்கின் ஆலயக் கணக்கில், உருவங்களை அகற்ற வந்த அதிகாரிக்கு 6 ஷில்லிங் கொடுத்த செலவு பதிவாகியிருக்கிறது. உடைக்க வந்தவருக்கு உடைபடும் ஊரே பணம் கட்ட வேண்டும்!

சட்டத்திலும் ஒரு நுணுக்கம் உண்டு. 1643ஆம் ஆண்டு ஆணை திரித்துவம், மரியாள், புனிதர்கள் ஆகியோரின் உருவங்களைத்தான் குறிப்பிட்டது. வானதூதர்களையும் சேர்த்து ஆணை வந்தது 1644 மே மாதத்தில். டவுசிங் பிளைத்பரோவுக்கு வந்தது அதற்கு முந்திய மாதம்.

அவர் குற்றமற்றவர் என்று நான் சொல்ல வரவில்லை. அந்தச் சாளரங்களில் இருந்த வண்ணக் கண்ணாடியில் இன்று மிச்சமிருப்பவை சில துண்டுகளே. ஏழு திருவருட்சாதனங்களைச் செதுக்கியிருந்த ஞானஸ்நானத் தொட்டியின் முகப்புகள் மொட்டையாக வழித்தெடுக்கப்பட்டுள்ளன. ஆனால் இவை எல்லாவற்றையும்கூட டவுசிங் தலையில் கட்ட முடியாது. ஏறக்குறைய நூறாண்டுகளுக்கு முன்பே, 1547இல் பட்டத்துக்கு வந்த ஆறாம் எட்வர்டு காலத்திலும் இதேபோன்ற ஆணைகள் வந்து நாடெங்கும் உருவங்கள் அழிக்கப்பட்டன. அந்த முதல் அலையை மக்கள் மறந்துவிட்டார்கள். இரண்டாவது அலைக்கு ஒரு பெயரும் நாட்குறிப்பும் இருந்ததால் பழி முழுவதும் அந்தப் பெயரின்மேல் விழுந்தது.

கணக்குப் புத்தகம் சொன்ன சாட்சி

சரி, துளைகள்? அவை பொய்யில்லையே!

மரத்தில் சிக்கியிருந்தவற்றை ஆராய்ந்தபோது, அவை படைவீரர்களின் துப்பாக்கியில் போடும் பெரிய குண்டுகள் அல்ல என்று தெரிந்தது. பறவை சுடுவதற்குப் பயன்படும் சிறிய ஈய ரவைகள். அப்படியானால் ஆலயத்துக்குள் பறவையைச் சுட்டது யார்?

பதில் ஆலயத்தின் சொந்தக் கணக்குப் புத்தகத்திலேயே இருந்தது. ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கப்படும் ஆலயக் காப்பாளர்கள் வரவு செலவை எழுதிவைப்பது அங்கே முறை. 1761ஆம் ஆண்டுக் கணக்கில், ஜாக்டா என்னும் சிறு காக்கைகளைச் சுடுவதற்காக வெடிமருந்துக்கும் ரவைக்கும் செலவு எழுதப்பட்டிருக்கிறது. உடைந்த சாளரங்கள் வழியாக அந்தப் பறவைகள் உள்ளே புகுந்து கூரையில் கூடு கட்டிக்கொண்டன. அசுத்தம் தாங்கவில்லை. ஆலயத்தைச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும் என்ற அக்கறையில், ஆலயக் காசிலேயே ஆள் வைத்துச் சுட்டார்கள். ரவைகள் காக்கைமேல் பட்டதுபோக மீதி வானதூதர்மேல் பட்டன.

ஆக, வானதூதர்களைச் சுட்டது எதிரி இல்லை. ஆலயத்தைக் காப்பாற்ற நினைத்தவர்கள். வெடிச்சத்தம் அடங்கிச் சில தலைமுறைகள் போனதும் காக்கையை ஊர் மறந்துவிட்டது. துளை மட்டும் நின்றது. துளைக்கு ஒரு கதை தேவைப்பட்டது. டவுசிங் ஏற்கெனவே கெட்ட பெயர் எடுத்தவர். இதையும் அவர் கணக்கில் எழுதுவது சுலபமாக இருந்தது.

யோசித்துப் பாருங்கள். நம் வீட்டிலும் அலுவலகத்திலும் இது நடப்பதில்லையா? ஒருமுறை கெட்ட பெயர் எடுத்தவன் செய்யாத தவற்றுக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. கொஞ்சம் உண்மை கலந்த பொய்தான் நீண்ட நாள் வாழ்கிறது.

உண்மையான காரணம்

நாயை விட்டுவிடுவோம். டவுசிங்கையும் அவர் செய்த அளவுக்கு மட்டும் குற்றம் சாட்டுவோம். அப்படியானால் 18ஆம் நூற்றாண்டில் காக்கை கூடு கட்டும் அளவுக்கு ஆலயம் பாழானது ஏன்?

முதல் காரணம், ஆறு. பிளைத் ஆற்றில் மண் மேடிட்டது. கப்பல்களோ அளவில் பெரிதாகிக்கொண்டே போயின. ஆகவே கப்பல்கள் பிளைத்பரோ வரை வரவில்லை. வணிகம் கடற்கரை ஊர்களுக்குப் போய்விட்டது.

இரண்டாவது காரணம், எட்டாம் ஹென்றி மடங்களைக் கலைத்தது. 1537இல் பிளைத்பரோ மடமும் மூடப்பட்டது. தசமபாக உரிமையும் மடத்தின் நிலமும் தனியார் கைக்குப் போயின. முன்பு துறவியருக்கு அந்தப் பீடப்பகுதி வழிபாட்டு இடம். புதிதாக உரிமை பெற்றவர்களுக்கு அது செலவு வைக்கும் ஒரு பொறுப்பு, அவ்வளவே. நான் முன்னே சொன்ன இரண்டு கணக்குகளும் இப்போது வறண்டன. 1676இல் ஊரில் பெருந்தீ பிடித்துப் பல வீடுகள் எரிந்தன. இருந்த மக்களும் குறைந்தார்கள்.

1754இல் தாமஸ் கார்ட்னர் இந்த வட்டாரத்தின் வரலாற்றை எழுதினார். அந்நூலின் தலைப்பிலேயே பிளைத்பரோவை ஒரு காலத்தில் பெயர்பெற்ற பட்டணம், இப்போது ஒரு கிராமம் என்று குறிப்பிட்டார். ஒரே வரியில் ஊரின் கதை முடிந்துவிட்டது.

பெரிய ஊர் கட்டிய கூரையைச் சிறிய ஊர் காப்பாற்ற வேண்டிய நிலை. 130 அடிக் கூரையின் ஈயத் தகடு எங்கே பெயர்ந்தாலும் மழை உள்ளே வரும். சாளரம் உடைந்தால் கண்ணாடி போடப் பணமில்லாமல் செங்கல் வைத்து அடைத்தார்கள். மழைத் துளிக்கு மதவெறி கிடையாது. அது நாட்குறிப்பு எழுதுவதும் இல்லை. ஆனால் எந்தப் படைவீரனையும்விட அதிகச் சேதத்தை அதுதான் செய்தது. 1881 டிசம்பரில், கட்டடம் ஆபத்தான நிலையில் இருப்பதாகச் சொல்லி நார்விச் ஆயர் ஆலயத்தை மூடிவிட்டார்.

காப்பாற்றுவதிலும் ஒரு சண்டை

ஊரார் நிதி திரட்டினார்கள். 1884இல் ஆலயம் மறுபடி திறக்கப்பட்டது. ஆனால் அதோடு பிரச்சினை முடியவில்லை. இன்னொரு சண்டை ஆரம்பமாயிற்று.

அந்தக் காலத்தில் பழைய ஆலயங்களைச் 'சீரமைக்கிறோம்' என்று சொல்லி, தேய்ந்ததைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புத்தம் புதிதாக மாற்றிக்கொண்டிருந்தார்கள். இதை எதிர்த்துத்தான் வில்லியம் மோரிஸ் 1877இல் பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் சங்கத்தைத் தொடங்கினார். "பழுது பாருங்கள், மாற்றாதீர்கள்" என்பது அவர்கள் கொள்கை. பிளைத்பரோவில் ஆலயக் குழுவுக்கும் இந்தச் சங்கத்துக்கும் 1881 முதல் 1906 வரை இழுபறி நடந்தது. உள்ளூர்க்காரர்களுக்கோ மழை ஒழுகாமல் வழிபட ஓர் இடம் வேண்டும். வெளியிலிருந்து வந்த அறிஞர்களுக்கோ பழைமை கெடக் கூடாது. இரண்டு பக்கத்திலும் நியாயம் இருந்தது. இரண்டு பக்கமும் ஆலயத்தை நேசித்தவர்களே.

இங்கே ஓர் உண்மையைச் சொல்ல வேண்டும். எந்த ஏழ்மை ஆலயத்தைப் பாழாக்கியதோ, அதே ஏழ்மைதான் அதைக் காப்பாற்றியும் இருக்கிறது. 1644இல் தூதர்களை இறக்கச் சாரம் கட்டுவதே பெரிய செலவு. 18ஆம் நூற்றாண்டில் ஊரில் பணம் புரண்டிருந்தால் புதுப் பாணியில் கூரையை மாற்றியிருப்பார்கள். 19ஆம் நூற்றாண்டிலும் கையில் தாராளமாகப் பணம் இருந்திருந்தால், பழைய வண்ணத்தைச் சுரண்டிப் பளிச்சென்று பூசியிருப்பார்கள். கை குறைவாக இருந்ததால் கை வைப்பதும் குறைந்தது.

அழிவும்கூட எதிர்பாராத ஒன்றைக் கொடுத்திருக்கிறது. வண்ணக் கண்ணாடி போனதால் இன்று அந்தச் சாளரங்களில் வெறும் கண்ணாடி. கடலோர வெளிச்சம் தங்குதடையில்லாமல் உள்ளே கொட்டுகிறது. வெளிறிய மரமும் வெண்சுவரும் அந்த ஒளியில் மிதப்பதைப் பார்க்கத்தான் இன்று மக்கள் வருகிறார்கள். 15ஆம் நூற்றாண்டுக்காரர் ஒருவர் திரும்பி வந்தால், "எங்கள் நிறமெல்லாம் எங்கே?" என்று கலங்கிப்போவார். நாம் இயல்பான அழகென்று ரசிப்பது, அவர் கண்ணுக்குக் காயத்தின் தழும்பு.

ஆலயம் இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது. 1969 ஜூனில் ஆல்டபர்க் இசைவிழாவின் ஸ்னேப் அரங்கம் தீக்கிரையானபோது, விழாவில் நடக்கவிருந்த மோட்சார்ட்டின் 'இடோமெனேயோ' இசை நாடகம் இந்த ஆலயத்துக்கு மாற்றப்பட்டது. எத்தனையோ தலைமுறையாக வெறுமனே கேட்டுக்கொண்டிருந்த மரத் தூதர்கள் அன்று அதையும் கேட்டார்கள்.

நமக்கு என்ன?

எங்கோ இருக்கும் ஓர் ஆங்கிலேயக் கிராமத்து ஆலயத்தை ஏன் இவ்வளவு நேரம் பேச வேண்டும் என்று கேட்கலாம். இரண்டு காரணங்கள்.

ஒன்று, சாட்சி. பிளைத்பரோவின் வழக்கைத் தீர்த்தது பெரிய கல்வெட்டு இல்லை. வெடிமருந்துக்கு இவ்வளவு என்று யாரோ எழுதிவைத்த செலவுக் கணக்கு. இன்று குப்பையாகத் தெரிகிற ரசீதும் கூட்டக் குறிப்பும் நாளைக்கு ஒருவர்மேல் விழுந்த பழியைத் துடைக்கலாம். உங்கள் சங்கம், உங்கள் ஆலயம், உங்கள் பள்ளி எதுவானாலும், பழைய கணக்குப் புத்தகத்தைப் பழைய பேப்பர்க்காரரிடம் போடுமுன் ஒருமுறை யோசியுங்கள்.

இரண்டு, பராமரிப்பு. ஓர் ஆலயம் அழிந்தால் யார் அழித்தார்கள் என்று கேட்கிறோம். யார் கவனிக்காமல் விட்டார்கள் என்று கேட்பதில்லை. திறப்பு விழாவுக்குக் கூட்டம் கூடும். கல்வெட்டில் பெயர் வரும். கூரையில் ஒரு தகடு பெயர்ந்ததை ஏறிப் பார்த்து அடித்துவிட்டு இறங்குகிறவனுக்கு மாலை கிடையாது. ஆனால் பிளைத்பரோவின் வானதூதர்கள் இன்றைக்கும் அங்கே இருப்பதற்கு, அப்படிப் பெயர் தெரியாத எத்தனையோ பேர்தான் காரணம். காக்கையைச் சுட்டவனையும் அந்தக் கணக்கில்தான் நான் சேர்க்கிறேன். அவன் குறி கொஞ்சம் தப்பிவிட்டது, அவ்வளவுதான்.